குழம்பில் புளி கரைக்கும் முன் நாயின் பங்கை எடுத்து வையுங்கள்

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவர் வீட்டு நாய் கருப்பனுக்கு மூன்று வயது, 15 கிலோ எடை, நாட்டு நாய். காலையில் ஒரு கைப்பிடி பாக்கெட் தீவனம், மத்தியானமும் ராத்திரியும் சோறும் மீன் குழம்பும். கொஞ்ச நாளாக முடி மங்கி, செம்பட்டை பாய்ந்து கொட்டுகிறதாம். சத்து டானிக் வாங்குவதைவிட முட்டை, கீரை, பழம், கருவாடு என்று நல்ல உணவாகவே சேர்த்துக் கொடுக்கலாம் என்று நினைக்கிறார். எதை, எவ்வளவு, எப்படி என்பது அவர் கேள்வி. முட்டை சூடு, கொடுத்தால் இன்னும் கொட்டும் என்று அவர் அம்மா தடுக்கிறாராம்.

தம்பி, நான் தொண்டியிலிருந்து சாயல்குடி வரைக்கும் கடலோரக் கால்நடை மருந்தகங்களில் 27 வருடம் வேலை பார்த்தவள். புகுந்த வீடும் கரைவலை இழுக்கிற குடும்பம்தான். டானிக்கை விட்டுவிட்டு உணவைப் பார்க்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றியதே, அது சரியான யோசனை. ஆனால் கேள்வியில் போகிற போக்கில் நீங்கள் சொன்ன ஒன்றுதான் என்னை உடனே உட்கார்ந்து எழுத வைத்தது. அந்த மீன் குழம்பு. எதைச் சேர்க்கலாம் என்பதற்கு முன்னால் அதை நிறுத்த வேண்டும்.

நம் வீட்டு மீன் குழம்பில் என்ன இருக்கிறது? சின்ன வெங்காயம், பூண்டு, புளி, உப்பு, மிளகாய். மீனைத் தவிர மற்ற எதுவும் நாய்க்கு ஆகாது. வெங்காயத்திலும் பூண்டிலும் உள்ள கந்தகச் சேர்மங்கள் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். வதக்கினாலும் கொதிக்க வைத்தாலும் அந்த நஞ்சு போகாது. உடல் எடையில் 200-ல் ஒரு பங்குக்கு மேல் வெங்காயம் உள்ளே போனால் ஆபத்து என்று கணக்கு. கருப்பனுக்கு அது 75 கிராம், அதாவது பத்துப் பன்னிரண்டு சின்ன வெங்காயம். பூண்டுக்கு அவ்வளவுகூடத் தேவையில்லை. ஒரே நாளில் அவ்வளவு போகாவிட்டாலும் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போவதும் ரத்தத்தை அரிக்கிறது.

இதை நான் பாடத்தில் படித்திருந்தேன். ஆனாலும் எங்கள் அம்மா வீட்டு வீரனை இதற்குத்தான் பறிகொடுத்தோம். செவலை நாய், ஐந்து வயது. நான் அப்போது வெளியூரில் வேலையில் இருந்தேன். வீட்டில் ஒரு விசேஷம், வெங்காயம் தாராளமாகப் போட்ட குருமா அண்டாவில் மிஞ்சியது. வீணாக்க வேண்டாமே என்று மூன்று நாள் சோற்றில் அதையே ஊற்றியிருக்கிறார்கள். நான்காம் நாள் வீரன் எழவில்லை. சிறுநீர் கட்டன் காப்பி நிறத்தில் போயிருக்கிறது, வெயில் கொதிப்பு என்று நினைத்து இளநீர் கொடுத்திருக்கிறார்கள். நான் வந்து உதட்டைத் தூக்கிப் பார்த்தபோது ஈறு வெள்ளைத் துணி மாதிரி வெளுத்திருந்தது. காப்பாற்ற முடியவில்லை. அம்மாவிடம் முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லி வைத்திருக்க வேண்டும் என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு. அதனால்தான் கேட்காதவர்களிடமும் சொல்கிறேன்.

புளியைப் பற்றியும் சொல்ல வேண்டும், அது நம் ஊரில் பலருக்கும் புதுச் செய்தி. திராட்சையும் உலர்திராட்சையும் நாய்களின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது முன்பே தெரியும், காரணம்தான் பிடிபடாமல் இருந்தது. 2021-ல் அமெரிக்காவில் விலங்கு நஞ்சு மருத்துவர்கள் அதிலுள்ள டார்டாரிக் அமிலத்தின் மேல் சந்தேகத்தை வைத்தார்கள். நம் புளியின் புளிப்புக்குப் பெரும்பகுதி காரணம் அதே அமிலம்தான். புளியைத் தின்ற நாய்களுக்குச் சிறுநீரகம் பழுதான சம்பவங்களும் பதிவாகியிருக்கின்றன. குழம்பில் கரைந்திருக்கும் புளி எந்த அளவுக்கு மேல் கேடு என்று கோடு போட்டுச் சொல்ல முடியாது. அப்படியிருக்க, தினம் இரண்டு வேளை ஊற்ற வேண்டிய அவசியம் என்ன?

ஆக முதல் வேலை செலவே இல்லாத வேலை. அம்மா மீனைக் கழுவி வைத்ததும், குழம்பு கூட்டுவதற்கு முன், கருப்பனுடைய பங்கைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். அவனுக்கு வெறும் தண்ணீரில் வெந்த மீன் போதும். வேண்டுமானால் ஒரு சிட்டிகை மஞ்சள்.

இனி, சேர்ப்பதற்கு வருவோம். கருப்பனின் தட்டில் எந்த இடம் காலியாக இருக்கிறது என்று பார்க்க வேண்டும். வீட்டோடு இருக்கிற 15 கிலோ நாய்க்கு நாளுக்கு ஏறக்குறைய 800 முதல் 850 கலோரி போதும். அதில் புரதம் 40 கிராமாவது இருந்தால் நல்லது. நீங்கள் சொல்கிற இரண்டு வேளைச் சோறு அரைக் கிலோ என்று வைத்தால், அதுவே 650 கலோரி. ஆனால் புரதம் 12 கிராம்தான். குழம்பில் வருகிற ஒன்றிரண்டு துண்டு மீனையும் கைப்பிடித் தீவனத்தையும் கூட்டினாலும் 30 கிராமைத் தொடுவது கஷ்டம். வயிறு நிறைகிறது, நாயும் ஒல்லியாகத் தெரியாது. ஆனால் முடி ஏறக்குறைய முழுக்கப் புரதத்தால் ஆனது. வருகிற கொஞ்சப் புரதத்தை உடம்பு முதலில் உள்ளுறுப்புகளுக்கு எடுத்துக்கொள்ளும், முடிக்குக் கடைசியில்தான் கொடுக்கும். உங்கள் நாய்க்கு முடி மங்குவதற்கு இது ஒரு வலுவான காரணமாக இருக்கலாம்.

சோறே ஆகாது என்று சிலர் சொல்வார்கள், அதை நம்பாதீர்கள். மனிதனோடு வாழத் தொடங்கிய பிறகு நாயின் உடம்பில் மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணுவின் நகல்கள் ஓநாயிடம் இருப்பதைவிடப் பல மடங்கு பெருகிவிட்டதாக 2013-ல் வந்த ஸ்வீடன் நாட்டு ஆய்வு காட்டியது. குழைய வெந்த சோறு நாய்க்கு நன்றாகச் செரிக்கும். அளவைத்தான் பாதியாக்க வேண்டும்.

குறைத்த இடத்தில் வைக்க வேண்டியது நம் கரையில் அள்ளிக் கிடைக்கிறது: சூடை, சாளை, நெத்திலி, காரல். பெரிய மீனாக வாங்கிப் போட்டால்தான் சத்து என்று நினைக்க வேண்டாம். நாய்க்கு வஞ்சிரத்தைவிடச் சாளைதான் மேல் என்பேன். தோலுக்கும் முடிக்கும் வேண்டிய ஒமேகா 3 கொழுப்பு அதில் நிறைய. சிறிய மீன் என்பதால் பாதரசம் சேர்வதும் குறைவு. சுறா, சூரை மாதிரிப் பெரிய இரைகொல்லி மீன்களில்தான் அது கூடிக்கொண்டே போகும். இன்னொன்று, நாய்க்கு வெயிலில் கிடந்தாலும் வைட்டமின் டி நம்மைப் போலத் தோலில் போதுமான அளவு ஊறாது. உணவில் வந்தால்தான் உண்டு. கொழுப்புள்ள சிறு மீனும் முட்டைக் கருவும் அதைக் கொடுக்கும்.

பச்சை மீனாகப் போடாதீர்கள். கரையில் வலை உதறும்போது நாய்கள் தின்கின்றனவே என்பீர்கள். சாளை, நெத்திலி குடும்பத்து மீன்கள் பலவற்றில் வைட்டமின் பி1-ஐச் சிதைக்கும் ஒரு நொதி இருக்கிறது. எப்போதாவது தின்றால் ஒன்றும் ஆகாது. தினமும் பச்சையாகவே தின்றால் நரம்புத் தளர்ச்சி, தள்ளாட்டம், வலிப்பு வரை போகலாம். வேக வைத்தால் அந்த நொதி அழிந்துவிடும்.

வேக வைக்கும் முறை இதுதான். செதிலையும் குடலையும் எடுத்துவிட்டு, தலையோடு குக்கரில் போட்டு, மீன் மூழ்கத் தண்ணீர் விடுங்கள். உப்பு வேண்டாம். விசில் வந்த பிறகு அடுப்பைச் சின்னதாக்கி 40 நிமிடம் விட்டுவிடுங்கள். ஆறியதும் நடு முள்ளை விரலில் எடுத்து நசுக்கிப் பாருங்கள், மாவாகக் கரைய வேண்டும். கரையாவிட்டால் இன்னும் கொஞ்ச நேரம். கையால் முழுவதையும் பிசைந்து, கூர்மையாக எதுவும் தட்டுப்படவில்லை என்று தெரிந்த பிறகே சோற்றில் கலக்க வேண்டும். இப்படி முள்ளோடு கரைந்த மீனில் சுண்ணாம்புச் சத்தும் வந்துவிடும். விளைமீன், பாறை மாதிரிப் பெரிய மீன்களின் முள் எவ்வளவு வேக வைத்தாலும் கரையாது, எடுத்துவிட வேண்டும். கெளிறு கிடைத்தால் அதன் மூன்று முள்ளையும் முதலிலேயே வெட்டி எறிந்துவிடுங்கள். தொண்டையில் அது குத்தி நின்ற நாய்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

மீன் நல்ல மீனாக இருக்க வேண்டும். கரையில் ஒதுக்கிக் கொட்டுகிற சங்காயம் சும்மா கிடைக்கிறது என்று மத்தியானம்வரை வெயிலில் கிடந்ததை அள்ளி வந்து வேக வைப்பவர்கள் இருக்கிறார்கள். சாளை, அயிலை, சூரை போன்ற மீன்கள் வெயிலில் கெடும்போது ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகும். எத்தனை விசில் விட்டாலும் அது போகாது. தின்ற சிறிது நேரத்தில் வாந்தி, பேதி, முக வீக்கம் என்று வரும். நீங்கள் தின்பீர்களா என்று கேட்டுப் பாருங்கள். கண் தெளிவாக, செவுள் சிவப்பாக, அமுக்கினால் மேலே வருகிற மீன்தான் அவனுக்கும்.

சங்காயத்தில் இன்னொரு பயங்கரம் உண்டு, பேத்தை மீன். தொட்டால் பந்து மாதிரி ஊதிக்கொள்ளுமே, அதுதான். அதன் ஈரலிலும் முட்டையிலும் தோலிலும் இருக்கிற டெட்ரோடோடாக்சின் என்ற நஞ்சு வெந்தாலும் சாகாது. அதற்கு மாற்று மருந்தும் கிடையாது. தின்ற நாய்க்கு முதலில் வாந்தி, பிறகு பின்னங்கால் துவளும், பிறகு மூச்சு நிற்கும். தேவிபட்டினம் பக்கம் வேலை பார்த்தபோது ஒரு விடியற்காலையில் இரண்டு நாய்களைத் தூக்கி வந்தார்கள். ஒன்று வழியிலேயே போய்விட்டது. கொஞ்சமாகத் தின்றிருந்த மற்றது மறுநாள் எழுந்து நின்றது. கருப்பன் கரைக்குப் போகிற பழக்கம் உள்ளவன் என்றால் வலை பிரிக்கிற நேரத்தில் கட்டி வையுங்கள். இதில் எந்தச் சமாதானமும் வேண்டாம்.

கருவாடு கேட்டிருந்தீர்கள். உப்புக் கருவாடு வேண்டாம். இரண்டு மூன்று தண்ணீர் மாற்றி ஊற வைத்தாலும் உப்பு முழுதாக இறங்காது. அளவு மீறினால் தாகம், வாந்தி, நடுக்கம் வரும். உப்புப் போடாமல் வெயிலில் காய்ந்த நெத்திலி என்றால் நல்லது. மணலில் காயப்போட்டதாக இருந்தால் நாலைந்து தடவை அலசிவிட்டு ஒரு கைப்பிடியை வேக வைத்துக் கொடுக்கலாம். இது எப்போது உதவும் தெரியுமா, தடைக்காலத்தில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. நாட்டுப்படகு மீன் வரும், ஆனால் விலையைக் கேட்டால் வீட்டுக்கே வாங்க யோசிப்போம். அந்த இரண்டு மாதமும் நாய்க்கு வெறும் சோறு என்றாகிவிடுகிறது பல வீடுகளில். மார்ச் மாதமே நல்ல நெத்திலியாக வாங்கி உப்பில்லாமல் காய வைத்து, ஈரம் படாத டப்பாவில் வைத்துக்கொண்டால் முட்டையோடு சேர்த்துத் தடைக்காலத்தை ஓட்டிவிடலாம்.

முட்டைக்கு வருகிறேன். அம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள், முட்டையால் சூடு பிடித்து முடி கொட்டுவதில்லை. நாய்க்கு இதைவிட முழுமையாகச் செரிக்கிற புரதம் அபூர்வம். ஆனால் அம்மா பயப்படுவதிலும் ஒரு அனுபவம் இருக்கலாம்: பச்சை முட்டை கொடுத்து வந்த நாய்க்கு முடி கொட்டியதை யாராவது பார்த்திருப்பார்கள். பச்சை வெள்ளைக்கருவில் உள்ள அவிடின் என்ற பொருள், பயோட்டின் என்ற வைட்டமினைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தோலுக்கும் முடிக்கும் வேண்டிய வைட்டமின் அது. நன்றாக அவித்துவிட்டால் அவிடின் செயலிழந்துவிடும். சில நாய்களுக்கு முட்டை ஒவ்வாமலும் போகும். அப்படியானால் சொறிந்துகொண்டே இருக்கும், காது சிவக்கும், வயிறு கலங்கும். நாய்களிடம் மாட்டிறைச்சி, பால், கோழி ஆகியவற்றுக்குத்தான் ஒவ்வாமை அதிகம். எதுவானாலும் ஒரு வாரத்துக்கு ஒரு புதுப் பொருள் மட்டும் சேர்த்தால் எது ஒத்துக்கொள்ளவில்லை என்பது தெரிந்துவிடும். கருப்பனுக்கு நாளுக்கு ஒரு அவித்த முட்டை சரி.

முட்டை ஓட்டைத் தூக்கி எறியாதீர்கள். மீன் இல்லாத நாட்களில், அல்லது முள் நீக்கிய மீனும் கோழிக்கறியும் கொடுக்கிற நாட்களில் அதுதான் சுண்ணாம்பு. இறைச்சியில் பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் சொற்பம். கால்சியம் அதற்குச் சமமாகவோ, ஒன்றரை இரண்டு மடங்காகவோ இருக்க வேண்டும். இல்லையென்றால் உடம்பு தன் எலும்பிலிருந்தே உருவி எடுத்துக்கொள்ளும். பாசத்தோடு எலும்பில்லாத கறியாகவே பார்த்துப் பார்த்துக் கொடுத்து வளர்த்த குட்டிகள் கால் வளைந்து வருவதைப் பார்த்தால் மனசு தாங்காது. அவித்த முட்டையின் ஓட்டை வெயிலில் காய வைத்து, மிக்சியில் நைசாக, விரலில் நெருடாத அளவுக்குப் பொடியுங்கள். அரை டீஸ்பூனில் ஏறக்குறைய ஒரு கிராம் கால்சியம் கிடைக்கும். கருப்பனின் உடம்புக்கு ஒரு நாளைக்கு அவ்வளவு போதும். முள்ளோடு கரைத்த சாளை கொடுக்கிற அன்றைக்கு இது வேண்டாம். பாக்கெட் குட்டித் தீவனத்தில் வளர்கிற பெரிய இனக் குட்டிகளுக்கு இதைச் சேர்க்கவே கூடாது, கால்சியம் கூடினாலும் எலும்பு கோணும்.

எண்ணெய் விஷயத்தில் நம் ஊரில் ஒரு தவறு நடக்கிறது. உச்சிப்புளி, பெரியபட்டினம் பக்கம் தென்னை நிறைய, முடிக்கு நல்லது என்று நாய்ச் சோற்றில் தேங்காய் எண்ணெய் ஊற்றுவார்கள். ஆனால் நாயின் தோல் பளபளக்கத் தேவை லினோலிக் அமிலம் என்ற கொழுப்பு, தேங்காய் எண்ணெயில் அது மிகக் குறைவு. நல்லெண்ணெயில் நாற்பது சதவீதத்துக்கு மேல் இருக்கிறது. சாளையின் ஒமேகா 3-உம் நல்லெண்ணெயும் சேர்ந்தால் ஒன்று விட்டதை மற்றது நிரப்பும். ஒரு டீஸ்பூன், அதற்கு மேல் போக வேண்டாம். தேங்காய்ச் சில்லு ஒன்றிரண்டு தின்றால் பரவாயில்லை. துருவலாக அள்ளிப் போட்டால் கொழுப்பு கூடிக் கணையம் வீங்கும், அந்த வலியை நாய் தாங்காது. பூசணம் பிடித்த கொப்பரை, பழைய நிலக்கடலை, பிண்ணாக்கு எதையும் கிட்டவே கொண்டுபோக வேண்டாம். அதில் உண்டாகும் அஃப்லாடாக்சின் நாயின் ஈரலைக் கருக்கிவிடும், சமைத்தாலும் போகாது. நம் கடற்காற்றின் ஈரத்தில் பாக்கெட் தீவனத்துக்கும் இதே கதிதான். பெரிய மூட்டையாக வாங்கி வாய் திறந்தபடி வைத்தால் எண்ணெய் காறிப்போகும், பூசணமும் பிடிக்கும். சின்னப் பையாக வாங்கி இறுக மூடி வையுங்கள்.

வாரத்தில் இரண்டு நாள் மீனுக்குப் பதிலாகக் கொஞ்சம் ஆட்டு ஈரலோ இதயமோ கோழிக் கல்லீரலோ கொடுங்கள். மீன் சோற்றில் குறைவாக இருக்கிற துத்தநாகம், செம்பு, இரும்பு அதில் வரும். கண்ணைச் சுற்றியும் வாயோரத்திலும் பாதத்திலும் பொருக்குத் தட்டுகிற நாய்கள் பலவற்றுக்குத் துத்தநாகக் குறைதான் காரணம். தானியம் மட்டுமே தின்கிற நாய்களிடம் இது அதிகம், ஏனென்றால் தானியத் தவிட்டிலுள்ள பைட்டேட் அதை உறிஞ்ச விடாது. கேழ்வரகுக் கூழிலும் அதே தடை உண்டு. அதில் 100 கிராமுக்கு 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் இருந்தாலும் முழுதும் நாய்க்குப் போய்ச் சேராது. கூழ் நல்ல உணவுதான், சோற்றுக்கு மாற்றாக வைத்துக்கொள்ளலாம். குதிரைவாலியும் அப்படியே. ஆனால் அதை நம்பி முட்டையோட்டை விட்டுவிட வேண்டாம். ஈரல் ஒரு தடவைக்கு 30 கிராம் போதும். மலிவாகக் கிடைக்கிறது என்று தினம் கிலோக்கணக்கில் கொடுத்தால் வைட்டமின் ஏ தேங்கி எலும்பு மூட்டைக் கெட்டிப்படுத்திவிடும்.

ஈரலும் குடலும் நுரையீரலும் பச்சையாகக் கூடவே கூடாது. இதில் நாயைவிட உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்காகத்தான் பேசுகிறேன். ஆட்டின் உள்ளுறுப்பில் நீர்க்கட்டியாக இருக்கிற நாடாப்புழு, பச்சையாகத் தின்ற நாயின் குடலில் வளரும். அதன் முட்டை நாயின் மலத்தில் வந்து, நாயைத் தொட்ட கை வழியாக மனிதர் உடம்புக்குள் போய் ஈரலிலும் நுரையீரலிலும் கட்டியாகும். கறிக்கடை வாசலில் வெட்டி எறிகிறதைத் தின்று வளர்கிற நாய்கள் உள்ள தெருவில் இது பேச்சல்ல, நடப்பு. நன்றாக வேக வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை எடைக்கேற்பப் புழு மாத்திரையும் கொடுத்துவிடுங்கள்.

காய்கறி, பழம் எல்லாம் துணைதான். மஞ்சள் பூசணி, கேரட், பீன்ஸ், சீனிக்கிழங்கு, கொஞ்சம் முருங்கைக்கீரை, எதையும் வேக வைத்து மசித்து இரண்டு மூன்று மேசைக்கரண்டி. பேதியானாலும் மலம் இறுகினாலும் பூசணி நல்லது. பழத்தில் பப்பாளி, வாழை, கொய்யா, விதை எடுத்த தர்ப்பூசணி ஒரு துண்டு. மாங்கொட்டையும் பனங்கொட்டையும் வாயில் வைக்க விடாதீர்கள், குடலில் அடைத்தால் வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டும். தயிர் ஒத்துக்கொள்ளும், பால் பல நாய்களுக்குக் கழிச்சல் கொடுக்கும்.

கடற்பாசி பற்றியும் ஒரு வார்த்தை. மண்டபம் பக்கம் பெண்கள் எடுக்கிற மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை இவற்றைப் பொடித்து நாய்க்குக் கொடுத்தால் முடி வளரும் என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். வேண்டாம். பாசியில் அயோடின் மிக அதிகம், கூடினால் தைராய்டு கெடும். கடல்மீனிலேயே ஓரளவு அயோடின் உண்டு. கரையில் காய்ந்து கிடக்கிற பாசியைத் தின்றால் வயிற்றுக்குள் ஊறிப் பெருத்து அடைத்துக்கொள்ளும் ஆபத்தும் உண்டு.

இதையெல்லாம் கருப்பனின் தட்டில் வைத்தால் இப்படி வரும். காலையில் வழக்கமான கைப்பிடித் தீவனத்தோடு அவித்த முட்டை ஒன்று. மத்தியானமும் ராத்திரியுமாகச் சேர்த்துச் சோறு கால் கிலோ, முள் கரைய வெந்த சாளை அல்லது சூடை 150 கிராம், மசித்த காய், ஒரு டீஸ்பூன் நல்லெண்ணெய். கூட்டினால் 800 கலோரிக்கு ஒட்டி வரும், புரதம் 45 கிராமுக்கு மேல். ஒரே நாளில் மாற்றாமல் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். இல்லையென்றால் வயிற்றால் போகும், அம்மா முட்டையைக் குற்றம் சொல்வார்.

முழுக்கப் பாக்கெட் தீவனத்திலேயே இருக்கிற நாய் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அந்தத் தீவனம் ஏற்கெனவே சமன்படுத்தப்பட்டது. மேலே சேர்ப்பது மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 15 கிலோ நாய்க்கு அது ஒரு முட்டை அல்லது இரண்டு மூன்று சாளை, அவ்வளவே. வீட்டுச் சமையலையே முழு உணவாகக் கொடுப்பவர்கள் வருடத்துக்கு ஒரு தடவையாவது கால்நடை மருத்துவரிடம் தட்டில் இருப்பதைச் சொல்லிக் கேட்டுக்கொள்ள வேண்டும். 2013-ல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் நாய்க்கான 200 வீட்டுச் சமையல் குறிப்புகளைச் சோதித்தார்கள். அவற்றில் 95 சதவீதத்தில் ஏதாவது ஒரு சத்தாவது குறைந்திருந்தது. நான் எழுதியதையும் அப்படிக் கேட்டுப் பார்த்துதான் நீண்ட நாள் தொடர வேண்டும். சிறுநீரகக் கோளாறு, கல், சர்க்கரை, கணைய நோய் உள்ள நாய்க்கு இந்தத் தட்டு வேண்டவே வேண்டாம், அதற்குத் தனி உணவுமுறை இருக்கிறது.

உணவை மாற்றுவதற்கு முன்னால் கருப்பனின் காதுக்குள்ளும் விரல் இடுக்கிலும் வால் அடியிலும் உண்ணி இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். நம் பக்கத்தில் முடி கொட்டிச் சோர்ந்து வருகிற நாய்களில் பாதிக்குச் சொறியோ உண்ணிக் காய்ச்சலோதான் இருக்கும். ரத்தம் குறைந்துவிட்டது என்று பேரீச்சம்பழமும் ஈரலும் கொடுத்துக்கொண்டே இருந்து, கடைசி நேரத்தில் கொண்டுவருவார்கள். உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெளுத்திருந்தாலோ, மூக்கில் ரத்தம் வந்தாலோ, சிறுநீர் கறுத்துப் போனாலோ முட்டை, மீன் என்று நாளைக் கடத்தாமல் ராமநாதபுரத்துக்குக் கொண்டுபோய் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

அது ஒன்றும் இல்லையென்றால் பொறுமையாக இருங்கள். பழைய முடி விழுந்து புது முடி வர ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். இரண்டாம் வாரமே பலன் இல்லை என்று எதையாவது கூட்டிக் குறைக்க வேண்டாம். விலாவைத் தடவினால் எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் துருத்தக் கூடாது. பதினைந்து நாளைக்கு ஒரு தடவை மீன் நிறுக்கிற தராசில் கேட்டு அவனை ஏற்றி நிறுத்தி, எடையைக் காலண்டரில் எழுதி வையுங்கள். எட்டாம் வாரம் அந்த எடைகளோடு, முடி எப்படி இருக்கிறது என்றும் எழுதுங்கள். சோற்றைக் கூட்டுவதா குறைப்பதா என்று அப்போது சொல்கிறேன்.